காஸ்ட்லி காபி கிரைண்டர் வாங்கியாச்சு, இனி அதோட குடும்பம் நடத்தறது எப்படி

எங்க ஊர்ல கிரைண்டர்னா ஒரே அர்த்தம்தானுங்க, மாவாட்டறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அப்பேர்ப்பட்ட ஊர்ல உக்காந்துக்கிட்டு, காபிக்கொட்டை அரைக்க கடல் தாண்டி ஒரு கிரைண்டரை வரவழைச்சவன் நான். பார்சல் பிரிச்ச அன்னைக்கு அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுல எத்தன படி அரிசி புடிக்கும்?" படியெல்லாம் இல்லம்மா, ஒரு தடவைக்கு 18 கிராம்னு சொன்னேன். அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல, பார்த்த பார்வையே போதும்.

எந்த மெஷின் வாங்கலாம்னு இதுல சொல்லப் போறதில்ல, அதுக்கு ஆயிரம் பேர் வீடியோ போட்டு வெச்சிருக்காங்க. இது 30,000, 40,000, அதுக்கும் மேல குடுத்து வாங்கிட்டு, அடுப்பு மேடையில வெச்சுட்டு, இப்ப இத வெச்சு என்ன பண்றதுன்னு முழிச்சுட்டு இருக்கறவங்களுக்கு. என்கிட்ட இருக்கறது 64 எம்எம் ஃபிளாட் பர், அதாவது அரைக்கற பல்லு வளையம் தட்டையா இருக்கற ரகம், சிங்கிள் டோஸ், அதாவது மேல கொட்டையைச் சேத்து வெக்கற டப்பா இல்ல, வேணுங்கறத எடை போட்டு அப்பப்ப போட்டு அரைக்கணும். மூணு வருஷமா தினமும் ஓடுது. பேர் வேண்டாம், ஏன்னா கீழ சொல்லப்போற கூத்துல பாதி என் தப்பு.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கோங்க. இந்த மெஷின் காபிய நல்லா ஆக்கித் தராது, கொட்டை என்ன லட்சணத்துல இருக்குன்னு காட்டிக் கொடுக்கும், அவ்ளோதான். மிக்ஸியில அடிச்சப்ப எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி கசந்துச்சு, ஏன்னா மிக்ஸி பிளேடு அரைக்கறதில்ல, அடிச்சு உடைக்குது, பாதி மாவு பாதி குருணை, மாவுல இருந்து கசப்பு வரும் குருணையில இருந்து ஒண்ணுமே வராது, ரெண்டும் சேந்து ஒரு மாதிரி மொத்தமா காபின்னு ஒரு ருசி. பர் அப்படி இல்ல, பல்லு வெச்ச ரெண்டு எஃகு வளையம், ஒண்ணு நிக்கும் ஒண்ணு சுத்தும், நடுவுல இருக்கற இடைவெளிதான் தூளோட அளவு. கிட்டத்தட்ட நம்ம திருகைக்கல் வேலைதான். நிச் ஜீரோங்கற வீட்டு கிரைண்டர்ல இருக்கற 63 எம்எம் கூம்பு பர்ரும் இதே தத்துவம்தான், கஃபே மேடை மேல பெருசா நிக்கற ஈகே43ங்கற கிரைண்டர்ல இருக்கற 98 எம்எம் ஃபிளாட் பர்ரும் இதே தத்துவம்தான். தூள் ஒரே அளவா விழ ஆரம்பிச்சா, நாலு வருஷமா நான் வாங்கிட்டு இருந்த கடைக் கொட்டை கருகி இருக்குங்கறது மூணாவது நாளே நாக்குல தெரிஞ்சுபோச்சு. கிரைண்டர் வாங்கற காசுல கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கோங்கன்னு சொல்றது அதுக்குத்தான், அடுத்து கொட்டையை மாத்த வேண்டி வரும்.

வந்த உடனே பண்ண வேண்டியது. பிளக் பாருங்க. வெளி நாட்டு பின்னா இருந்தா பத்து ரூபா கன்வர்ட்டர் சொருகி ஆடிக்கிட்டே ஓட்டாதீங்க, நிறைய மெஷின்ல கம்ப்யூட்டர் சிபியூக்குப் போடற அதே மாதிரி கழட்டற வயர்தான் வரும், நம்ம ஊர் மூணு பின் வயர் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க. 110 வோல்ட் மெஷினை மச்சான் அமெரிக்கால இருந்து சூட்கேஸ்ல கொண்டு வந்தான்னா அத நேரா நம்ம 230ல சொருகிடாதீங்க, அவ்ளோதான் கதை முடிஞ்சுது. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா அது சைன் வேவா ஸ்கொயர் வேவான்னு பாருங்க. எங்க வீட்ல பழைய ஸ்கொயர் வேவ். கரெண்ட் போன ஒரு காலைல அதுல ஓட்டினேன், மோட்டார் உர்ர்ர்னு மாடு உறுமற மாதிரி ஒரு சத்தம், வேகமும் இல்ல, சூடு வேற. அன்னையில இருந்து கரெண்ட் இல்லேன்னா கைல சுத்தற சின்ன கிரைண்டர்தான்.

அடுத்து ஜீரோ பாயிண்ட் கண்டுபிடிக்கறது. டயல்ல 0ன்னு போட்டிருக்கற இடம் நிஜமான ஜீரோவா இருக்கணும்னு இல்ல. உள்ள ஒரு கொட்டையும் இல்லாம மெஷினை ஆன் பண்ணி, டயலை மெதுவா நைஸ் பக்கம் திருப்பிட்டே வாங்க, ஒரு இடத்துல கீச்சுனு எலிக்குஞ்சு கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும், ரெண்டு பர்ரும் ஒண்ண ஒண்ணு லேசா தொடற இடம் அது. உடனே பின்னாடி திருப்பிடுங்க, அங்கயே நின்னு ரசிக்க வேண்டாம், பல்லு தேஞ்சுரும். அந்த இடத்துல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வெச்சுக்கோங்க. இனிமே எல்லாக் கணக்கும் அங்க இருந்துதான். இணையத்துல எவனாவது "நான் 15ல அரைக்கறேன்"னு சொன்னா அது அவன் ஜீரோல இருந்து 15, உங்களுக்கு அந்த நம்பரால ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொண்ணு, நைஸ் பக்கம் திருப்பறதா இருந்தா மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதுதான் திருப்பணும். நின்னுட்டு இருக்கறப்ப பல்லுக்கு நடுவுல அரைகுறையா தூள் சிக்கியிருக்கும், அத அமுக்கிட்டு டயலை முறுக்கினா நம்பர் பொய் சொல்லும். கொரகொரப்பு பக்கம் எப்ப வேணா திருப்பலாம்.

புது பர்ரு பழகறதுக்கு நேரம் ஆகும். புது மாவு கிரைண்டர் வாங்கினா முதல்ல தவிடோ பழைய அரிசியோ போட்டு ரெண்டு தடவை ஆட்டிக் கொட்டுவோம்ல, அப்பறம்தானே மாவு ஆட்டுவோம், அதே கதைதான். கடைஞ்சு வந்த எஃகுல கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும், அது போற வரைக்கும் இன்னைக்கு சரியா இருந்த நம்பர் நாளைக்கு சரியா இருக்காது. எனக்கு முதல் ரெண்டு கிலோ வரைக்கும் டயல் ஒரு இடத்துல நிக்கல. இதுக்குன்னு அஞ்சு கிலோ கொட்டை வாங்கி அரைச்சுக் குப்பையில போடறவங்க இருக்காங்க, எனக்கு மனசு வரல, குடிச்சுக்கிட்டே பழக்கினேன். மளிகைக்கடையில கெடந்து காஞ்ச பழைய கொட்டை சல்லிசா கெடைச்சா அத வேணா ஓட்டிக்கோங்க. ஆனா அரிசி போட்டு மட்டும் ஓட்டிடாதீங்க. மிக்ஸி பிளேடு கூர் போனா கல்லுப்பு போட்டு ஓட்டற பழக்கத்துல இங்கயும் பச்சரிசி போடலாமான்னு கேப்பாங்க, வறுத்த கொட்டை கையில நசுக்கினாலே நொறுங்கும், பச்சரிசி அப்படி நொறுங்காது, மோட்டாருக்குத்தான் அடி.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், நம்ம ஃபில்டர் காபி. இதுலதான் நான் நல்லா சறுக்கினேன். கொடகுல இருந்து வந்த நல்ல பிளாண்டேஷன் ஏ கொட்டை, அதாவது கழுவிப் பதப்படுத்தின அரபிகால பெரிய சைஸ், மிதமா வறுத்தது, சிக்கரி இல்ல, முப்பது கிராம் அரைச்சு பித்தளை ஃபில்டர்ல போட்டு குடையை வெச்சு கொதிச்ச தண்ணி ஊத்தினேன். அஞ்சே நிமிஷத்துல மொத்தமும் கீழ இறங்கிருச்சு. டம்ளர்ல பாலை ஊத்தினதும் கலரே போயிருச்சு. அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏங் கண்ணு, இதென்ன கழனித்தண்ணியாட்ட இருக்குது, இதுக்கா இத்தன ரூவா"ன்னாங்க. பதில் சொல்ல வாய் வரல.

ஏன் அப்படி ஆச்சுன்னு புரிய ஒரு வாரம் ஆச்சு. கடைல அரைச்சு வாங்கற தூள்ல மாவு மாதிரி நைஸ் துகள் நிறைய இருக்கும், கூட சிக்கரியும் இருக்கும், சிக்கரி தண்ணி பட்டதும் ஊறி உப்பிக்கும், ரெண்டும் சேந்து ஃபில்டர் ஓட்டையை மெல்ல அடைச்சு சொட்டு சொட்டா இறங்க வெக்கும், நம்ம கெட்டி டிகாக்ஷனோட ரகசியமே அந்தத் தாமதம்தான். நல்ல கிரைண்டர் அந்த மாவுத் துகளைக் குறைச்சுருது, சிக்கரியும் இல்ல, அப்ப தண்ணி மடமடன்னு ஓடாம என்ன பண்ணும். அதனால கடைத்தூள் பாக்கறதுக்கு எப்படி இருக்குமோ அந்த அளவுல அரைச்சா பத்தாது, அத விட நைஸா போகணும். நான் 38ல ஆரம்பிச்சு, தினமும் ரெண்டு ரெண்டா குறைச்சு, 28ல வந்து நின்னேன். இப்ப முப்பது கிராமுக்கு 130 மில்லி தண்ணி, இருவது நிமிஷம் ஆகுது இறங்கறதுக்கு. அதுக்கும் கீழ 24க்குப் போனா மேல் பாத்திரத்துல தண்ணி அப்படியே குளம் கட்டி நிக்கும், தட்டினாலும் இறங்காது.

நம்பர் உங்களுக்கு உதவாதுன்னு மேலயே சொல்லிட்டேன், அதனால விரல் கணக்கு சொல்றேன். தூளை ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாருங்க. பம்பாய் ரவை மாதிரி தட்டுப்பட்டா ஊற வெச்சு மேல இருந்து அமுக்கி வடிக்கற ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஆகும். பொடிச் சர்க்கரையா இல்லாம கடைல வர்ற சின்ன சீனி மாதிரி இருந்தா வி60 மாதிரி மேல இருந்து ஊத்தி வடிக்கறதுக்கு. தூள் உப்பு மாதிரி இருந்தா நம்ம ஃபில்டர், அடுப்புல வெச்சுக் காய்ச்சற மோக்கா பாட் எல்லாம் அதைச் சுத்தித்தான். தூள் உப்புக்கும் கோலமாவுக்கும் நடுவுல, விரல் ரேகையில லேசா ஒட்டினா எஸ்பிரஸ்ஸோ. ரேகை முழுக்க மைதா மாதிரி அப்பிக்கிச்சுன்னா ஓவராப் போயிட்டீங்க.

சிக்கரி வேணும்னா வேணும்தான், அதுல ஒரு கேவலமும் இல்ல. காபி-சிக்கரி கலவையில குறைஞ்சது 51 சதவீதம் காபி இருக்கணும்னுதான் சட்டம், அப்ப பாதிக்குப் பாதி சிக்கரிய ரெண்டு தலைமுறையா குடிச்சுப் பழகின வீட்ல ஒரே நாள்ல நிறுத்தினா சண்டைதான் வரும். ஆனா சிக்கரிய கிரைண்டருக்குள்ள விடாதீங்க. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுன்னு ஆகற சாமான், பல்லு இடுக்குல ஒரு தடவை ஒட்டுச்சுன்னா பாகு மாதிரி உக்காந்துக்கும். சிக்கரித் தூள் தனியா விக்கறாங்க, வாங்கி வெச்சுக்கிட்டு, அரைச்ச காபித்தூள்ல கலந்துக்கோங்க. எங்க வீட்டு ஒப்பந்தம் 26 கிராம் காபி, 4 கிராம் சிக்கரி. சிக்கரி சேத்தா டயலை ரெண்டு நம்பர் கொரகொரப்பாக்கிக்கணும், இல்லேன்னா அடைக்கும். அதே மாதிரி சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய், "ஒரே ஒரு தடவ"ன்னு யார் கேட்டாலும் கிடையாது. சுக்குல நார் இருக்கு, ஏலக்காய்ல எண்ணெய் இருக்கு, அடுத்த ஒரு மாசத்துக்கு எல்லாக் காபியும் சுக்குக் காபிதான். சுக்கு மல்லிக்கு மிக்ஸி எங்கயும் போயிடல.

கொட்டைக்குக் கொட்டை நம்பர் மாறும். பீபெரி, அதான் பழத்துக்குள்ள ரெண்டுக்குப் பதிலா ஒத்தையா உருண்டையா வளர்ற கொட்டை, அதுக்கு ஒரு நம்பர். பிளாண்டேஷன் ஏக்கு வேற. மழைக்காலக் காத்துல ஈரம் ஏற விட்டுப் பதப்படுத்தற மான்சூன்ட் மலபார் உப்பிப்போய் லேசா இருக்கும், அதுக்கு இன்னும் நைஸா போக வேண்டி இருந்துச்சு எனக்கு. ஏற்காட்டு எஸ்.795, அது ஒரு அரபிகா ரகம், லைட்டா வறுத்து வாங்கினேன், கல்லு மாதிரி, மெஷின் சத்தமே மாறிருச்சு. அதனால ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கோங்க, ஃபோன்ல எழுதினா தேட மாட்டீங்க. எங்க வீட்ல பால் கணக்கு நோட்டுக்குப் பின்பக்கம்தான் அது. என்ன கொட்டை, வறுத்த தேதி, நம்பர், எவ்ளோ நேரம், ஒத்த வரில எப்படி இருந்துச்சு. "புளிப்பு", "அம்மா ஓகே", "வீண்" இவ்ளோதான் எழுதி வெச்சிருப்பேன். புளிச்சு வெடுக்குனு இருந்தா நைஸாக்குங்க, நாக்கு வறண்டு கசந்தா கொரகொரப்பாக்குங்க. ஒரு நாளைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. தூளும் மாத்தி தண்ணியும் மாத்தி கொட்டையும் மாத்தினா எதனால கெட்டுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

எஸ்பிரஸ்ஸோ போடறவங்களுக்கு இந்த நோட்டு உயிர். 18 கிராம் தூள், 36 கிராம் காபி, 25ல இருந்து 30 செகண்ட், இங்க இருந்து ஆரம்பிச்சுக்கோங்க. என் மெஷின்ல ஒரு நம்பர் நகத்தினா நாலஞ்சு செகண்ட் மாறும், அரை நம்பருக்கே வித்தியாசம் தெரியும். காலைல எஸ்பிரஸ்ஸோ, சாயங்காலம் ஃபில்டர்னு ஒரே கிரைண்டர்ல தாவறவங்க, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் மூணு கிராம் கொட்டையை அரைச்சுக் கீழ கொட்டிடுங்க, உள்ள தங்கியிருக்கற பழைய அளவுத் தூள் அதோட போயிரும். வயிறு எரியும், ஆனா பண்ணுங்க. அப்பறம் டயலை எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து கொண்டு வந்து நிறுத்துங்க. மரையில கொஞ்சம் லூஸ் இருக்கும், 40ல இருந்து 12க்கு வந்த 12 வேற, 8ல இருந்து ஏத்தி வந்த 12 வேற.

ஸ்டேட்டிக், அதாவது உரசல்ல வர்ற மின்னேற்றத் தொல்லை. மாசி பங்குனில எங்க ஊர்ல காத்து வறண்டு கெடக்கும், அப்ப அரைச்சா தூள் கப்புல விழாம மெஷின் வாய்ல, மேடையில, சட்டையில எல்லாம் முடி மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும். இதுக்கு வைத்தியம் சிரிப்பா இருக்கும், அரைக்கறதுக்கு முன்னாடி கொட்டை மேல ஒரு சொட்டு தண்ணி. சின்ன ஸ்பிரே பாட்டில் வாங்கிக்கோங்க, 18 கிராமுக்கு ஒரு அமுக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு, ஒரு குலுக்கு, அவ்ளோதான். ஸ்பிரே இல்லேன்னா ஸ்பூன் பின்பக்கத்தை நனைச்சு கிளறிவிட்டாப் போதும். வீட்ல காபி போடற ஆளுங்க ரொம்ப வருஷமா பண்ற வேலைதான் இது, 2023ல அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆளுங்க எரிமலைச் சாம்பல்ல எப்படி மின்னேற்றம் உண்டாகுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களோட சேந்து இதையும் அளந்து பாத்து எழுதினாங்க. கொட்டைக்குள்ள ஈரம் குறைவா இருந்தா, அதாவது நல்லா கருக்க வறுத்திருந்தா, மின்னேற்றம் அதிகம், கொஞ்சம் தண்ணி சேத்தா அது அடங்குதுன்னு கண்டாங்க. ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட வீசும்போது இது தேவையே படாது, அப்ப தண்ணி தெளிச்சா தூள் கட்டி கட்டியா விழும். சென்னைக்காரங்களுக்கு வருஷம் பூரா ஆடி மாசம்தான், ஏசி ரூம்ல அரைச்சா ஒழிய ஸ்பிரே பாட்டில் வாங்க வேண்டாம்.

அடுத்தது கல்லு. இத எந்த வெளிநாட்டு வீடியோவும் அழுத்திச் சொல்லாது, ஆனா நமக்கு இதுதான் முதல் எதிரி. காயப்போட்ட களத்துல இருந்து கொட்டையோட கூட வர்ற பொடிக்கல்லு, காபிக்கொட்டை கலர்லயே இருக்கும், சில சமயம் ஷேப்பும் அதே. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கொட்டையைப் போட்டேன், ரெண்டு செகண்ட் ஓடுச்சு, டக்குனு ஒரு சத்தம், மோட்டார் நின்னுபோச்சு, ஆனா உம்னு முனகிட்டு இருக்கு. அந்த நேரம் மூளை வேலை செய்யாது, இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பாப்போம்னு கை தானாப் போகும். போகக் கூடாது. உடனே சுவிட்சை அணைச்சு பிளக்கைப் புடுங்கிட்டு, டயலை நல்லா கொரகொரப்பு பக்கம் திருப்பிட்டு, மேல் பர்ரைக் கழட்டிப் பாருங்க. எனக்கு உள்ள மிளகு சைஸ்ல ஒரு கருங்கல்லு. வெளி ஓரத்துல ஒரு பல்லு நகக்கண் அளவு செதிலாப் போயிருந்துச்சு, அது இன்னமும் அப்படித்தான் ஓடுது, ருசில எனக்கு வித்தியாசம் தெரியல, ஆனா திறக்கும்போதெல்லாம் கண்ணு அங்கதான் போகும். கொட்டை குடுத்த கடைல கேட்டா, "கடைல போட்டு அரைக்கறோம், எங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகறதில்லையே"ன்னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்பறம் என் பழக்கம், பாக்கெட் பிரிச்ச உடனே மொத்தத்தையும் வெள்ளைத் தட்டுல பரப்பி ஒரு தடவை பாக்கறது. அரிசில கல்லு பொறுக்கற அதே வேலை. அம்மாகிட்ட குடுத்தா முறத்துல ரெண்டு புடை புடைச்சு ஓரமா தள்ளிக் குடுத்துருவாங்க, கனமான கல்லு தனியா நிக்கும், அந்த வித்தை எனக்கு இன்னும் வரல. கால் கிலோ பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. அப்படியே உடைஞ்சது, கருப்பானது, பூச்சி ஓட்டை போட்டது எல்லாம் எடுத்துடலாம். பாக்கெட்டுக்கு பாக்கெட் எவ்ளோ பொறுக்கறீங்களோ அத வெச்சே அடுத்த தடவை அந்தக் கடைக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்.

கொட்டை வறுத்த அன்னைக்கே அரைச்சுக் குடிக்கணும்னு அவசரப்படாதீங்க, உள்ள கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்சிருக்கும், ஃபில்டர்ல ஊத்தினா நுரை பொங்கி தண்ணி ஒரு பக்கமா ஓடும். ஃபில்டருக்கு நாலஞ்சு நாள், எஸ்பிரஸ்ஸோக்கு ஒரு வாரம் பத்து நாள் விட்டுட்டு ஆரம்பிங்க. மிச்சத்தை சின்னச் சின்ன காத்துப் புகாத டப்பாவுல ஃப்ரீசர்ல வெக்கலாம். மேல இருக்கற ஃப்ரீசர்லதான், கீழ ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சா சாம்பார் வாசனை வரும். ஒரு டப்பாவை எடுத்தா திரும்ப உள்ள வெக்காதீங்க, வேர்த்துரும். குளிர்ந்த கொட்டை அரைபடும்போது இன்னும் நைஸா, இன்னும் சீரா உடையுதுன்னு 2016லயே ஒரு ஆராய்ச்சில காட்டியிருக்காங்க, அவங்க திரவ நைட்ரஜன்ல −196 டிகிரி வரைக்கும் போய்ப் பாத்தாங்க. நமக்கு அவ்ளோ வேண்டாம், ஃப்ரீசர்ல இருந்து நேரா போட்டா டயலைக் கொஞ்சம் கொரகொரப்பாக்கணும்ங்கறது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சுத்தம் பண்றது. தினமும் அரைச்சு முடிச்சதும் ஊதற பம்பு இருந்தா நாலு தடவை அமுக்கி உள்ள தங்கினதை வெளிய தள்ளிடுங்க. வாரம் ஒரு தடவை வாய்ப்பக்கம் பிரஷ். மாசம் ஒரு தடவை திறந்து பர்ரைப் பிரஷ்ஷால தேய்ங்க, கருக்க வறுத்த எண்ணெய்க் கொட்டை குடிக்கறவங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. தண்ணில கழுவாதீங்க, எஃகு பர்ருல துரு ஏறும். திறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, பர்ரும் அது உக்கார்ற இடமும் சேர்ற மாதிரி பென்சில்ல ஒரு கோடு, திரும்ப அதே திசையில மாட்ட. ஸ்க்ரூவை ஒண்ணை முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாம, கார் வீல் நட்டு மாதிரி மூணையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி முறுக்குங்க.

நான் ஒரு தடவை எல்லாம் சரியா பண்ணிட்டு மாட்டினதும் எஸ்பிரஸ்ஸோ குழாய் தண்ணி மாதிரி கொட்டுச்சு, 12 செகண்ட்ல 36 கிராம். நம்பர் அதே, கொட்டை அதே. டயலை நைஸாக்கிட்டே போனா ஜீரோ கிட்டயே வந்துட்டேன், அப்பவும் ஓடுது. கடைசில மறுபடியும் திறந்து பாத்தா பர்ருக்கு அடியில, உக்கார்ற இடத்துல, ஒரே ஒரு காபித்தூள் துணுக்கு, கடுகுல பாதி கூட இருக்காது. அதனால பர்ரு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுருக்கு, ஒரு பக்கம் இடைவெளி அதிகம், ஒரு பக்கம் கம்மி. துணியால துடைச்சு மாட்டினேன், 28 செகண்ட். இப்ப பர்ரைத் தேய்க்கறத விட அது உக்கார்ற இடத்தைத் துடைக்கறதுலதான் அதிக நேரம் செலவு பண்றேன். சந்தேகம்னா பர்ரோட வெளி ஓரத்துல ஒயிட்போர்டு மார்க்கரால மை தடவி, மாட்டி, லேசா தொடற வரைக்கும் கொண்டு போய்ப் பாத்துட்டுத் திறங்க. மை சுத்திலும் ஒரே மாதிரி அழிஞ்சிருந்தா நேரா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் அழிஞ்சிருந்தா கோணல்.

பர்ரு எப்ப மாத்தணும்னு கேட்டா, வீட்டுக்கு அந்தக் கவலையே வேண்டாம். தினம் 40 கிராம் வெச்சாலும் வருஷத்துக்கு 15 கிலோ வராது, கூட்டம் உள்ள ஒரு கஃபே அத ஒரு வாரத்துல அரைச்சுத் தள்ளிரும். கொரியாவுல எஸ்எஸ்பின்னு ஒரு கம்பெனி செய்யற பர்ரு போட்டா வேற லெவல்னு சொல்லுவாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா கூட வந்த பர்ருலயே ஒரு வருஷம் முழுசா அரைச்சுக் குடிங்க முதல்ல. எது பிடிக்கலைன்னு தெரியாமலே மாத்தினா எது நல்லா ஆச்சுன்னும் தெரியாது.

சொந்தக்காரங்களுக்கு ஒரு பத்தி. வீட்ல விசேஷம், முப்பது பேர் வராங்க, "அதான் பெரிய மெஷின் வாங்கிருக்கானே, அரைக் கிலோ அரைச்சுக் குடுக்கச் சொல்லு"ன்னு சித்தி சொல்லுவாங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க. இது 20 கிராமை 15 செகண்ட்ல அரைச்சுட்டு ஓய்வெடுக்கறதுக்குச் செஞ்ச மோட்டார், தொடர்ந்து ஓட்டினா சூடாகி நிக்கும். விசேஷத்துக்குக் கடைத்தூள்தான் சரி, வந்தவங்களும் அந்த ருசியத்தான் எதிர்பாப்பாங்க. அப்பறம் காலைல அஞ்சரை மணிக்கு அபார்ட்மெண்ட்ல இத ஓட்டினா பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ராத்திரியே எடை போட்டு வெச்சுக்கோங்க, அடில ஒரு பழைய ரப்பர் மேட்டோ நாலா மடிச்ச துண்டோ போடுங்க, மேடை அதிர்ற சத்தம் பாதியா குறையும்.

நாலு நாள் ஊருக்குப் போறீங்கன்னா உள்ள இருக்கற தூளை ஊதித் தள்ளிட்டு, பிளக்கைப் புடுங்கிட்டு, மேல் மூடியும் கீழ வாயும் மறையற மாதிரி ஒரு துணி போட்டு மூடிட்டுப் போங்க. தீபாவளிக்கு அமுச்சி ஊருக்குப் போயிட்டு வந்து, பிரயாணக் களைப்புல, நல்லவேளை கொட்டையைப் போடறதுக்கு முன்னாடி பழக்கதோஷத்துல ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்தேன். பர்ருக்கு மேல, கதகதப்பா, ஒரு பல்லிக்குட்டி.